கேஎல் மண்ணுக்கு அடியில் ரயில்: கேள்வி பதில்

கோலாலம்பூரின் நிலத்தடி ரயில் பாதைகளைப் பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் நில அளவைக்காரன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். கீழே சுரங்கம் தோண்டும்போது மேலே இருக்கிற சாலையும் கட்டடமும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று அளந்து எழுதுவதுதான் பல ஆண்டுகள் என் வேலை. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ரயில் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பிடிப்பு உண்டு. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஷா ஆலாம், கல்லூரி மாணவர்: ஐயா, கேஎல்லில் நிலத்தடி ரயில் 1996-இல் ஓட ஆரம்பித்தது என்று ஒரு குறிப்பில் படித்தேன். சரியா?

பாதி சரி, தம்பி. 1996 டிசம்பர் 16-இல் ஓடத் தொடங்கியது ஸ்டார் எல்ஆர்டி (எல்ஆர்டி என்றால் இலகு ரயில்). அம்பாங்கிலிருந்து சுல்தான் இஸ்மாயில் நிலையம் வரை ஓடியது. நாட்டின் முதல் எல்ஆர்டி அதுதான். ஆனால் அதில் நிலத்தடி நிலையம் ஒன்றுகூட இல்லை.

மண்ணுக்கு அடியில் போனது அடுத்து வந்த புத்ரா எல்ஆர்டி. இன்றைக்கு நாம் கிளானா ஜெயா தடம் என்கிறோமே, அது. அதுவும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 1998 செப்டம்பர் 1-இல் சுபாங் பக்கத்திலிருந்து பசார் செனி வரை விட்டார்கள். அந்தப் பகுதி முழுக்கத் தரைக்கு மேலே. பசார் செனியைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் பயணிகள் போனது 1999 ஜூன் 1-இல். ஆக, யாராவது கேட்டால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி, அம்பாங் பார்க் என்று ஐந்து நிலையங்கள், சுமார் 4.4 கிலோமீட்டர் சுரங்கம். அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். 1999-இல் கேஎல் எப்படி ஒரே மூச்சில் மாறியது என்பதற்கு இந்த இரண்டு தேதிகள் போதும்.

செந்தூல், ஓய்வுபெற்ற ஆசிரியை: எங்கள் தாத்தா அம்பாங்குக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில் இருந்தது என்பார். அப்படியென்றால் எல்ஆர்டி புதிதாக என்ன செய்தது?

தாத்தா சொன்னது சத்தியம், டீச்சர். கேஎல்லையும் கிள்ளானையும் இணைத்த ரயில் 1886-இல் வந்தது. அப்புறம் சுல்தான் சாலையில் ஒரு ரயில் நிலையம் இருந்தது. அங்கிருந்து ஒரு கிளை அம்பாங்குக்கும் இன்னொன்று சாலாக் சவுத் பக்கமும் போயின. ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, ஏற்றி வருவதற்கு இப்படிப்பட்ட கிளைப் பாதைகள் தேவைப்பட்ட காலம் அது. பின்னாளில் அந்தக் கிளைகளில் ரயில் நின்று, தண்டவாள நிலம் மட்டும் நீளமாக, ஒடுக்கமாக மிச்சம் கிடந்தது. ஸ்டார் எல்ஆர்டி பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் வந்தது. நகரத்துக்குள் ஒரு பாதைக்கான நிலம் ஏற்கெனவே கைவசம் இருக்கும்போது சுரங்கம் எதற்கு? அதனால்தான் முதல் எல்ஆர்டி தரையோடும் தூணோடும் நின்றது.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், அந்தப் பழைய பாதைகளைப் போட்டதிலும் காத்ததிலும் நம் ஆட்களின் கை நிறையவே உண்டு. சல்லி கொட்டி, ஸ்லீப்பர் கட்டை மாற்றி, வெயிலில் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பும் தமிழ்ப் பேட்டைகளாக ஆனது அதனால்தான். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையின் மேல் குண்டு போட்டதை என் பாட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று நாம் சொன்ன ரயில் ஊழியர் வீடுகளும் இப்போது இல்லை. அந்தச் சுவர்களில் இரண்டையாவது நிற்க விட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

கிள்ளான், கணக்காளர்: புத்ரா மட்டும் ஏன் அந்த இடத்தில் கீழே போனது? முழுக்க மேலேயே கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்குமே?

குறைந்திருக்கும். ஆனால் மஸ்ஜித் ஜாமெக்கை ஒரு முறை மனத்தில் கொண்டு வாருங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற முனை, 1909-இல் எழுந்த பள்ளிவாசல், அந்தப் பக்கம் லெபோ அம்பாங் செட்டிமார் கட்டடங்கள், இந்தப் பக்கம் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகள். தூண் ஊன்ற இடம் எங்கே இருக்கிறது? அதைத் தாண்டினால் கம்போங் பாரு மலாய் வீடுகள், பிறகு கேஎல்சிசி கோபுரங்கள். அங்கெல்லாம் கீழே போவதுதான் மரியாதை.

இன்னொரு காரணமும் உண்டு. கிளானா ஜெயா ரயிலைச் சக்கரம் இழுத்துக்கொண்டு போவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் அகலமான தகடு ஓடுகிறதே, பார்த்திருக்கிறீர்களா? ரயிலின் அடியில் இருக்கும் லீனியர் மோட்டார் காந்த விசையால் அந்தத் தகட்டைப் பற்றித்தான் நகர்கிறது. சக்கரம் பாரம் தாங்க மட்டும். அதனால் பெட்டி தாழ்வாக இருக்கிறது, சுரங்கத்தைச் சின்னதாகத் தோண்டினால் போதும். செங்குத்தான ஏற்றத்திலும் வழுக்காமல் ஏறும். பாலத்திலிருந்து இறங்கிக் குறுகிய தூரத்திலேயே மண்ணுக்குள் நுழைய வேண்டிய தடத்துக்கு இது பொருத்தமான தொழில்நுட்பம். கனடாவின் வான்கூவரில் ஓடும் ரயிலும் இதே குடும்பம்தான்.

ஜொகூர் பாரு, சிவில் எஞ்சினியரிங் மாணவி: கேஎல்லில் சுரங்கம் தோண்டுவது உலகத்திலேயே கஷ்டமான வேலைகளில் ஒன்று என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், மகளே. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பத்துமலைக்குப் போயிருப்பாய். படி ஏறி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் குகை, மேலே ஓட்டை, சுவரெல்லாம் தண்ணீர் அரித்த தடம். அது சுண்ணாம்புப் பாறை. 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானது. நகரத்தின் கிழக்குப் பாதிக்கு அடியில் இருப்பதும் அதே பாறைதான். ஒரு பத்துமலையை மண்ணுக்குள் புதைத்து மேலே ஊர் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. குகைகள், பொந்துகள், ஊசி போல் எழும்பும் பாறை முனைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே சேறு, எல்லாமே உள்ளே இருக்கின்றன. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஓர் இடத்தில் துளை போட்டால் 5 மீட்டரில் பாறை தட்டும். பக்கத்தில் இன்னொன்று போட்டால் 30 மீட்டர் போயும் தட்டாது.

இந்தப் பாறைக்கு மேலே படிந்த வண்டலில்தான் ஈயம் இருந்தது. 1857-இல் ஆட்கள் அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடி வந்ததால்தான் இந்த ஊரே உண்டானது. தோண்டி எடுத்த பிறகு ஈயக் குட்டைகள் மிஞ்சின. அவற்றைக் கண்டதைப் போட்டு நிரப்பி வீடும் கடையும் கட்டினார்கள். ஆக, மேலே நிரப்பிய சேறு, கீழே பொந்து விழுந்த பாறை. ஊரை வாழவைத்த அதே நிலம்தான் சுரங்கக்காரனைத் தூங்கவிடாத நிலமும்.

மேற்குப் பக்கம், செமந்தானிலிருந்து முசியம் நெகாரா பக்கமாக வந்தால், கென்னி ஹில் என்று சொல்கிற வேறு வகை நிலம். பெரும்பாலும் மணற்கல்லும் களிக்கல்லும் மக்கிப்போனது. அங்கே சுரங்கம் தோண்டும் எந்திரம் ஓரளவு நிம்மதியாகப் போகும். ஒரே தடத்தில் பாதி தூரம் இப்படி, மீதி தூரம் அப்படி.

இரட்டைக் கோபுரத்துக்கே இந்தப் பாறை தண்ணி காட்டியது. முதலில் குறித்த இடத்தில் அடியில் பாறை ஒரு பக்கம் செங்குத்தாக இறங்குவது தெரிந்து, கோபுரங்களைச் சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். அதற்கும் 100 மீட்டருக்கு மேல் ஆழமான அடித்தளத் தூண்கள் வேண்டியிருந்தன.

சரி, சுரங்கத்துக்கு வருவோம். எந்திரத்தின் முகப்பில் மண் சரியாமல் இருக்க எதிர் அழுத்தம் கொடுக்க வேண்டும். ஒரு வகை எந்திரம் தோண்டிய மண்ணையே முகப்பில் அடைத்து அழுத்தும். இன்னொரு வகை பெண்டோனைட் என்ற களிமண் குழம்பை அழுத்தத்தோடு முகப்பில் நிரப்பும். சுண்ணாம்புப் பாறையில் குழம்பு வகை நல்லதுதான், ஒரு பொந்து குறுக்கே வரும் வரை. பொந்து வந்ததும் குழம்பு அதற்குள் ஓடிவிடும், முகப்பில் அழுத்தம் விழும், மேலே மண் உட்காரும். சில சமயம் குழம்பு பாறை இடுக்கு வழியே மேலேறிச் சாலையிலேயே கொப்பளிக்கும். ஊர் பெயர் வேண்டாம், நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நள்ளிரவு தாண்டி ஒரு பின்சந்துச் சாக்கடையில் சாம்பல் நிறக் குழம்பு பொங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்திரத்தை நிறுத்தி, சந்துப் பாதையை அடைத்து, விடியும் வரை அளந்துகொண்டே நின்றோம்.

எல்ஆர்டியைவிடப் பெரிய ரயிலான எம்ஆர்டியின் முதல் தடத்துக்கு இதற்காகவே ஒரு புது எந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹெரன்க்னெக்ட் நிறுவனமும் இங்கே சுரங்க வேலையை எடுத்த எம்எம்சி கமுடாவும் சேர்ந்து கேஎல் பாறைக்கென்றே உருவாக்கியது. குழம்பின் அடர்த்தியை வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பொந்து வரும்போது கஞ்சியைக் களி ஆக்குவதுபோல் குழம்பைக் கெட்டியாக்கிவிட்டால் அது ஓடி மறையாது. நிலம் மாறும்போது எந்திரம் தோண்டும் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வகை எந்திரம் உலகத்தில் முதன்முதலாக மண்ணுக்குள் இறங்கியது 2013-இல், நம் கேஎல்லில். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு நிமிர்கிறது.

கெப்போங், லாரி ஓட்டுநர்: அண்ணே, ஸ்மார்ட் சுரங்கமும் ரயில் சுரங்கமும் ஒன்றா?

இல்லை. ஸ்மார்ட் வெள்ளத்துக்காகக் கட்டியது, 9.7 கிலோமீட்டர். நடுவில் ஒரு பகுதியில் இரண்டு அடுக்குக் கார் பாதை. பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். 2007-இல் திறந்தது. அதற்குத் தோண்டிய எந்திரங்கள் 13.2 மீட்டர் விட்டம். எம்ஆர்டி எந்திரம் அதில் பாதிதான், சுமார் 6.6 மீட்டர். ஆனால் உறவு உண்டு. இந்தச் சுண்ணாம்புப் பாறையில் இவ்வளவு பெரிய சுரங்கம் போட முடியும் என்ற தைரியமும், எங்கே என்ன தவறும் என்ற படிப்பினையும் ஸ்மார்ட்டில் கிடைத்தவை.

புடு, கடைக்காரர்: எம்ஆர்டி தோண்டும்போது எங்கள் கடைச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி ஒட்டிவிட்டுப் போனார்கள். அது என்ன என்று யாரும் சொல்லவில்லை.

அது ப்ரிஸம், அண்ணாச்சி. என் பிழைப்பே அதில்தான் நடந்தது. தூரத்தில் ஒரு டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து அந்தக் கண்ணாடியைக் குறி பார்ப்போம். ஒளி போய்த் திரும்பி வரும் கணக்கில் உங்கள் சுவர் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு இறங்கியது என்று மில்லிமீட்டரில் தெரியும். சாலையில் ஆணி அடித்த மாதிரிச் சின்னச் சின்னக் குறிகள் பார்த்திருப்பீர்கள், அவை தரை இறக்கத்தை அளக்க. நிலத்தடித் தண்ணீர் மட்டத்துக்கு பியெசோமீட்டர். இந்த ஊரில் தண்ணீர் மட்டத்தைத்தான் அதிகம் கவனிப்போம். மட்டம் சட்டென்று இறங்கினால், பொந்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மண் தாங்கலை இழந்து உள்ளே விழும். சாலையில் திடீர்ப் பள்ளம் இப்படித்தான் உண்டாகிறது.

குறித்த அளவைத் தாண்டி இறங்கினால் எச்சரிக்கை போகும், எந்திரம் மெதுவாகும் அல்லது நிற்கும், துளை போட்டு சிமெண்டுக் கலவையை உள்ளே செலுத்துவார்கள். இதையெல்லாம் உங்களிடம் நின்று ஐந்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் போனது தப்புதான். நாங்கள் போன வீடுகளில் சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவோம். சொன்னால் சனங்கள் தேநீர் கொடுப்பார்கள், சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள்.

பெட்டாலிங் ஜெயா, இல்லத்தரசி: எம்ஆர்டி தடங்களின் தேதிகளை ஒரே இடத்தில் சொல்லுங்களேன். மகனுக்குப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மா. எம்ஆர்டி திட்டத்தைத் தொடங்கி வைத்தது 2011 ஜூலை 8. முதல் தடம் முழுதாகத் திறந்தபோது சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை, 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். செமந்தான் வரை 2016 டிசம்பர் 16-இல், முழுத் தடமும் 2017 ஜூலை 17-இல் திறந்தன. அதில் 9.5 கிலோமீட்டர் நிலத்தடி. நிலத்தடி நிலையங்கள் ஏழு: முசியம் நெகாரா, பசார் செனி, மெர்டேக்கா, புக்கிட் பிந்தாங், துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச், கொக்ரேன், மலூரி.

இரண்டாவது புத்ராஜெயா தடம், 57.7 கிலோமீட்டர். முதல் பகுதி 2022 ஜூன் 16, மீதி 2023 மார்ச் 16. நிலத்தடியில் சுமார் 13.5 கிலோமீட்டர். செந்தூல் பாராட்டில் தொடங்கிச் சான் சோவ் லின் வரை ஒன்பது நிலத்தடி நிலையங்கள் இப்போது இயங்குகின்றன. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு சுரங்க ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்து, பிறகு செலவைக் குறைத்துப் பேசி முடித்து வேலை தொடர்ந்தது. அதையும் மகன் எழுதட்டும், வரலாறு என்றால் அதுவும்தான்.

செர்டாங், அலுவலக ஊழியர்: சான் சோவ் லினுக்கும் கூச்சாய்க்கும் நடுவில் ரயில் ரொம்ப நேரம் இருட்டில் போகிறது. உள்ளே ஏதாவது இருக்கிறதா?

நல்ல கண் உங்களுக்கு. அந்த இடைவெளியில் இரண்டு நிலையங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பண்டார் மலேசியா வடக்கு, தெற்கு என்று. மேலே வர வேண்டிய புதிய நகரம் வராததால் ரயில் நிற்காமல் கடந்து போகிறது. அந்த நிலம் பழைய சுங்கை பீசி விமானத் தளம். 1965-இல் சுபாங் திறக்கும் வரை கேஎல்லுக்கு விமான நிலையமே அதுதான். அடுத்த முறை கடக்கும்போது, தலைக்கு மேலே ஒரு காலத்தில் விமானம் இறங்கிய ஓடுபாதை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செராஸ், வழக்கறிஞர்: சுல்தான் சாலையில் 2011-இல் நடந்த போராட்டத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? சுரங்க வேலை செய்தவர் என்ற முறையில்.

கடைக்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று பார்க்கிறேன். முதல் எம்ஆர்டி தடம் சீனர் கடைத்தெருவின் சுல்தான் சாலைக்கு அடியில் போவதாக இருந்தது. அதற்காக மேலே இருந்த பழைய கடைவீடுகளின் நிலத்தையும் கையகப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. 'ரயில் அடியில்தானே போகிறது, மேலே இருப்பதை ஏன் எடுக்கிறீர்கள்?' என்று அவர்கள் கேட்டார்கள். எளிமையான கேள்வி, ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. கூட்டம் போட்டார்கள், தெருவில் விழா எடுத்தார்கள், பேசினார்கள். கடைசியில் உடன்பாடு வந்தது. நிலம் உரிமையாளர்களிடமே இருக்கும், தோண்டும் காலத்தில் மட்டும் சிறிது நாள் காலி செய்து கொடுப்பார்கள் என்று.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் பழைய கடைவீடுகள் பயங்கரமானவை. ஆழமான அடித்தளம் கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் சுவர்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவலிதான். ஆனால் அந்தத் தலைவலியைப் பட்டு அவற்றைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை. எந்தத் தெருவுக்காக ரயில் வருகிறதோ அந்தத் தெருவை இடித்துவிட்டு நிலையம் கட்டி என்ன பயன்?

ரவாங், செவிலியர்: முன்பு மஸ்ஜித் ஜாமெக்கில் மாறுவதற்கு வெளியே வந்து மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். மழையில் எத்தனை நாள் நனைந்திருப்பேன்! ஏன் அப்படிக் கட்டினார்கள்?

ஏனென்றால் அவை இரண்டு தனித்தனிக் கம்பெனிகள், அக்கா. ஸ்டார் ஒன்று, புத்ரா ஒன்று. அவரவர் பாதை, அவரவர் டிக்கெட், அவரவர் கடன். ஒருவர் மேலே கட்டினார், மற்றவர் கீழே தோண்டினார். பயணி நடுவில் நனைந்தார். 1997 நிதி நெருக்கடி வந்தது, எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை, இரண்டும் கடனில் மூழ்கின. 2002-இல் அரசாங்கத்தின் பிரசாரானா நிறுவனம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. அப்படியும் மஸ்ஜித் ஜாமெக்கில் ஒரே டிக்கெட்டில் மாறும் வசதி 2011 கடைசியில்தான் வந்தது.

கேஎல் ரயில் வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது பாறை இல்லை, இதுதான். பாறைக்கு எந்திரம் செய்துவிட்டோம். ஒரு தடத்தைப் போடும்போதே அடுத்த தடத்தை நினைக்கும் பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் அதைச் சரியாகச் செய்தார்கள். காஜாங் ரயிலில் இறங்கி, அதே மேடையில் எதிர்ப்பக்கம் நடந்தால் புத்ராஜெயா ரயில். முதல் தடம் கட்டும்போதே இரண்டாவதுக்கும் மேடை வைத்துவிட்டார்கள். ஆனால் அம்பாங் பார்க்கைப் பாருங்கள். 1999 எல்ஆர்டி நிலையமும் 2023 எம்ஆர்டி நிலையமும் ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்து வாசல், ஆனால் அட்டையைத் தட்டி வெளியே வந்துதான் மாற வேண்டும். இத்தனைக்கும் அங்கே எம்ஆர்டிக்காக 1973-இல் திறந்த அம்பாங் பார்க் பேரங்காடியையே இடித்தார்கள். தீபாவளிக்கு அங்கே துணி எடுத்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

புக்கிட் மெர்தாஜாம், வாசகர்: பினாங்குக்கு எப்போது நிலத்தடி ரயில் வரும்?

இப்போதைக்கு இல்லை. முத்தியாரா எல்ஆர்டி வேலை 2025-இல் தொடங்கியிருக்கிறது, அது தூண் மேல் ஓடும் தடம். கடலைத் தாண்டி உங்கள் பக்கமும் வரும். ஆனால் பினாங்கு வருத்தப்பட வேண்டாம். ஜார்ஜ் டவுனில் 1906-இலேயே மின் டிராம் ஓடியது, அப்போது கேஎல்லில் அப்படி ஒன்றும் கிடையாது. பினாங்கு மலை ரயிலில் ஒரு குட்டிச் சுரங்கம்கூட உண்டு, சுமார் 80 மீட்டர். 1920-களில் மலையைக் குடைந்து போட்டது.

கோலா சிலாங்கூர், தொழிற்சங்க ஊழியர்: இந்தத் தடங்களைக் கட்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும், தோழர். 2014 ஆகஸ்டில் எம்ஆர்டி முதல் தடத்தின் மேம்பாலப் பகுதி கோத்தா டாமான்சாராவில் சரிந்து மூன்று பங்களாதேஷ் தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் பாட்டன்மார் தண்டவாளம் போட்டபோது இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். நான் கூட வேலை பார்த்த பையன்களில் பலர் கீழே பன்னிரண்டு மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்ததும் முதலில் செய்வது ஊருக்கு போன் போடுவதுதான். அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் 'கோலாலம்பூருக்கு அடியில் நான் ரயில் பாதை போட்டேன்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிலையச் சுவரில் எங்காவது அவர்களைக் குறித்து ஒரு வரி இருக்கலாம்.

சுபாங், பாட்டி: ஆள் இல்லாமல் ஓடுகிற ரயிலில் சுரங்கத்துக்குள் போகப் பயமாக இருக்கிறது, ஐயா.

பயம் நியாயம்தான், அம்மா. 2021 மே 24-இல் கேஎல்சிசிக்கும் கம்போங் பாருவுக்கும் நடுவில் சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் மோதி 200-க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயணிகள் இருந்த ரயில் தானியங்கியாக ஓடியது. அதில் வந்து மோதியது, பயணிகள் இல்லாமல் ஓர் ஆள் கையால் ஓட்டி வந்த ரயில். தானாக ஓடும் ரயில்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைக் கணினி விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நிலத்தடி நிலையங்களில் மேடையோரம் கண்ணாடிக் கதவு இருப்பதால் அங்கே தண்டவாளத்தில் விழவும் வழியில்லை. நானே பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாரம் ஒரு முறை போகிறேன். தைரியமாகப் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், இளம் தந்தை: ஏழு வயது மகனுக்கு இந்த வரலாற்றை ஒரே நாளில் காட்ட வேண்டும். எங்கே தொடங்கட்டும்?

உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். முதலில் பழைய கோலாலம்பூர் நிலையம், கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1910-இல் எழுந்தது. அந்தக் கூம்புகளையும் வளைவுகளையும் பையன் எண்ணட்டும். அங்கிருந்து பசார் செனிக்கு நடங்கள். எம்ஆர்டி நிலையத்துக்குள் இறங்கி, நகரும் படிகள் எத்தனை முறை இறக்குகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள், ஆழம் அவனுக்கே புரியும். ஒரு நிலையம் போய்வர நேரம் இருந்தால் மெர்டேக்கா. 1957-இல் சுதந்திரம் அறிவித்த அரங்கம் மேலே பக்கத்தில்தான்.

அப்புறம் மறுபடி பசார் செனி வந்து கிளானா ஜெயா தடத்தில் கோம்பாக் போகும் ரயில். கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள், காலை பதினொரு மணி நல்லது. முதல் பெட்டியில் ஏறி முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டுநர் அறை கிடையாது, அந்த இடம் பையனுக்குத்தான். ரயில் ஆற்றோரமாகப் போகும், சட்டென்று மூக்கைக் கீழே சாய்க்கும், வெளிச்சம் ஒரு வட்டமாகி இருட்டு வரும். தண்டவாளங்களுக்கு நடுவே அந்தத் தகட்டை அப்போது காட்டுங்கள். இறங்க வேண்டாம். ஐந்து நிலையமும் தாண்டி, டாமாய் வருவதற்கு முன் வெளிச்சம் மறுபடி வரும் வரை அவன் அங்கேயே நிற்கட்டும்.